டிராக்டர் பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

சம்பா அறுவடை முடிந்து கொட்டகைக்குள் போகும் டிராக்டர்களில் பல, கோடை உழவுக்கோ மேட்டூர் திறப்புக்கோதான் வெளியே வருகின்றன. ஜூன் 12-க்குத் தண்ணீர் விட்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். அன்றைக்குப் பார்த்து செல்ஃப் எடுக்காது. அதனால் டெல்டாவில் சார்ஜர் வாங்குபவர், அது எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை விட, ஏறியதைக் கோடை முழுக்கக் காப்பாற்றுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி சும்மா கிடந்தாலே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். முழுசாக ஏறிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். அப்புறம் ஏற்றினாலும் சார்ஜ் நிற்காது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர், அந்தக் கனத்த இரும்புப் பெட்டி, செத்துக் கிடக்கும் பேட்டரியையும் மறுக்காமல் ஏற்றும். ரிப்பேரும் சுலபம். ஆனால் பெரும்பாலானவற்றில் கட்-ஆஃப் கிடையாது. பேட்டரி நிறைந்த பிறகும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும்; ஆசிட் கொதிப்பது போல் குமிழியிடும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் இதை இரவெல்லாம் ஓடவிடுவது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். ஒரு பொறி போதும்.

ஸ்மார்ட் சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்து, பிறகு 13.5 அளவில் பிடித்து வைக்கும். மாதக்கணக்கில் மாட்டி வைக்க இதுதான் சரி. பேட்டரி மேல் போட்டிருக்கும் ஏஹெச்-சில் (Ah, அதன் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும்: 80 ஏஹெச் பேட்டரிக்கு 8 ஆம்பியர். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கிறதா? 25 டிகிரியில் 14.4 என்றால், 40 டிகிரியில் 14.1 அளவுக்கு இறங்க வேண்டும். இன்னொன்று, கரன்ட் போய் வந்ததும் தானே வேலையைத் தொடர்கிறதா? சில மாடல்களில் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். நம்மூர் மின்வெட்டுக்கு அது உதவாது. கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

1 ஆம்பியர் மெயின்டெய்னர், அதாவது ஏறிய சார்ஜ் இறங்காமல் காக்கும் சின்ன சார்ஜர், பைக்குக்கும் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கும் அருமை. நிறைந்த டிராக்டர் பேட்டரியையும் காக்கும். ஆனால் முழுக்க இறங்கிய 80 ஏஹெச்சை அது தூக்கி நிறுத்த மூன்று நாளுக்கு மேலாகும்.

கரன்ட் இல்லாத வயலோரக் கொட்டகை என்றால் 20 வாட் சோலார் பேனல், அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் கன்ட்ரோலரோடு. தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் பூத்துவிடும், வாசலின் தடவுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் பைக் மோடும் உள்ள 8 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரை வாங்குவேன். அதற்காகப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். அடியோடு இறங்கிய பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் ஏற்றுக்கொள்ளாது. அப்போது பழைய பெட்டியில் அரை மணி நேரம், பக்கத்திலேயே இருந்து ஏற்றி, பிறகு ஸ்மார்ட்டுக்கு மாற்றலாம். அதற்கும் வோல்ட் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு செல் போயிருக்கும். பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.