மூன்று ராத்திரிக்கு போர்மியோவா, லிவீஞ்ஞோவா?

மிலானில் டிசம்பர் 7 ஊர்த் திருநாள். காவல் புனிதர் அம்ப்ரோஜோவின் நாள். மறுநாள் 8-ஆம் தேதி நாடு முழுக்க விடுமுறை. இதோடு ஒரு சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் பாதி ஊர் கார் கூரையில் பனிச்சறுக்குக்கான ஸ்கீ பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறிவிடும். அதை ஐந்து வருஷம் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் நாங்கள். பிறகு நாங்களும் கிளம்பினோம், வட இத்தாலி ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் இரண்டு ஸ்கீ ஊர்களுக்கு. 2023 மார்ச்சில் லிவீஞ்ஞோ, 2025 ஜனவரியில் போர்மியோ. இரண்டும் மூன்று ராத்திரிப் பயணங்கள்தான்.

2026 பிப்ரவரி குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பிறகு இரண்டு ஊர்ப் பெயரும் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டன. ஆண்களுக்கான ஆல்பைன் போட்டிகள் (சரிவில் வேகமாகச் சறுக்கி இறங்குவது) போர்மியோவில், ஸ்னோபோர்டும் (ஒற்றைப் பலகைச் சறுக்கு) ஃப்ரீஸ்டைலும் (ஸ்கீயில் தாவிக் காட்டும் வித்தைகள்) லிவீஞ்ஞோவில். “எந்த ஊருக்குப் போகலாம்?” என்று கேட்டு வாட்ஸாப்பில் வாரம் ஒருவராவது வருகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி ‘லிவிக்னோ’ என்று படித்துவிட வேண்டாம். அந்த இடத்தில் நிற்பது அசல் நம் ஞகரம். இத்தாலிக்காரர்களுக்கு இரண்டு எழுத்து செலவாகிறது, நமக்கு ஒன்றே போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று ராத்திரி என்றால் போர்மியோ. ஒரு வாரம் என்றால் பேச்சே வேறு.

பனியை மட்டும் வைத்துப் பார்த்தால் லிவீஞ்ஞோ கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். ஊரே 1,816 மீட்டரில் இருக்கிறது, போர்மியோ 1,225-இல். லிவீஞ்ஞோவில் சுமார் 115 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, போர்மியோவில் அதில் பாதிகூட வராது. பனி சரியாகப் பெய்யாத குளிர்காலத்தில் போர்மியோவின் கீழ்ச் சரிவெல்லாம் இயந்திரம் தூவிய பனிதான். இரண்டு பக்கமும் பழுப்புப் புல், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. நாங்கள் போனபோது அப்படித்தான் இருந்தது. உச்சி மட்டும் போர்மியோவில் உயரம்: சீமா பியாங்கா 3,012 மீட்டர். லிவீஞ்ஞோவில் ‘கரோசெல்லோ 3000’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உண்மை உயரம் 2,800-ஐ ஒட்டி. ஊர்ப் பெருமைக்கு இருநூறு மீட்டர் கூட்டிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டுகளுக்கான நாள் டிக்கெட் இரண்டு ஊரிலும் ஐம்பது யூரோவைத் தாண்டிவிடும். அறை வாடகை தேதியைப் பொறுத்தது. டிசம்பர் முதல் வாரமும் பிப்ரவரியில் கார்னிவல் வாரமும் எங்கே போனாலும் கொள்ளைதான்.

இனி நான் மல்லுக்கட்டப் போகும் விஷயம்: அரைநாள்கள்.

மூன்று ராத்திரிப் பயணத்தில் முழு நாள் இரண்டே இரண்டு. போகிற நாளிலும் வருகிற நாளிலும் தலா அரை. அந்த இரண்டு அரையும் உங்கள் கைக்கு வருகிறதா, பஸ்ஸுக்குப் போகிறதா என்பதுதான் கணக்கு. கைக்கு வந்தால் மூன்று நாள் பயணம், வராவிட்டால் இரண்டு நாள். மூன்றில் ஒரு பங்கு. பாதையின் நீளம், பனியின் தரம் எல்லாம் இதற்கு அப்புறம்.

எங்களிடம் கார் இல்லை. மிலான் சென்ட்ராலேயில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் திரானோ. போகும்போது இடது ஜன்னல் பக்கம் உட்காருங்கள், லேக்கோ தாண்டியதும் கோமோ ஏரி கூடவே ஓடி வரும். திரானோவில் இறங்குபவர்களில் பாதிப்பேர் எதிரே நிற்கும், சுவிட்சர்லாந்துக்குப் போகிற சிவப்பு பெர்னினா ரயிலைப் படம் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டியது பஸ்ஸுக்கு. ஒரு மணி நேரம், போர்மியோ. காலை எட்டு மணி வாக்கில் கிளம்பியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போர்மியோவில் இருக்கலாம்.

லிவீஞ்ஞோவுக்கு இதே பாதைதான், ஆனால் போர்மியோவில் பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ்ஸுக்கு நாங்கள் காத்திருந்தது எழுபது நிமிஷம். அப்புறம் இன்னொரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதை. முதலில் ஃபொஸ்காஞ்ஞோ கணவாய், 2,291 மீட்டர். இறங்கின மாதிரி இறங்கி மறுபடி எய்ரா கணவாய், 2,208. கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறை போய்ப் பழகியவன்தான் நான், எனக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை. என் மனைவி எய்ராவில் பிளாஸ்டிக் பையைத் தேடினாள். அறைக்குள் பெட்டியை வைத்தபோது மணி மூன்று. வாடகைக் கடையில் வரிசை, பூட்ஸ் அளவு, ஹெல்மெட் அளவு. எல்லாம் முடிந்து வெளியே வந்தால் மணி நாலு. லிஃப்ட்டுகள் மூடுகிற நேரம். திரும்புகிற நாளும் அதே கதை: மிலானுக்கு இருட்டுவதற்குள் வர வேண்டுமானால் மதியத்துக்கு முன்பே மூட்டை கட்ட வேண்டும், ஆகவே காலையில் ஸ்கீ எடுக்க மனசே வராது.

கார் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. மிலானிலிருந்து போர்மியோ சுமார் இருநூறு கிலோமீட்டர். அதன்மேல் லிவீஞ்ஞோவுக்கு ஒரு முக்கால் மணி, பனி கொட்டினால் ஒன்றரை. குளிர்கால டயரோ சங்கிலியோ இந்தச் சாலைகளில் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேக்கோ பக்கம் வந்து சேர்வது மிலான்காரர்களின் வாராந்தரத் தண்டனை. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதில் இன்னும் ஒரு மணி நேரம் பின்தங்கி வந்து நிற்பார். நான் ஓட்டிப் போனதில்லை. நண்பர்கள் காரில் வந்து திட்டுவதைக் கேட்டதோடு சரி.

சரி, போர்மியோவில் அரைநாள் கையில் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? இதற்கும் அந்த ஊரே பதில் வைத்திருக்கிறது: வெந்நீர் ஊற்றுகள். மலையிலிருந்து நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகவே வருகிற தண்ணீர். ரோமானியர் காலத்திலிருந்து ஆட்கள் வந்து குளித்திருக்கிறார்கள். லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில்கூட போர்மியோ மலைகளையும் குளியலையும் பற்றிப் பேச்சு வருகிறது. இன்று மூன்று இடங்கள்: ஊருக்கு மேலே மலைமேல் பான்யி வெக்கி, அதற்குக் கீழே பான்யி நுவோவி, ஊருக்குள்ளேயே போர்மியோ தெர்மே. முதல் இரண்டும் ஆடம்பரம், கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. மூன்றாவது சாதாரணக் குடும்பங்கள் போகிற இடம், குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுவே போதும்.

நாங்கள் முதல் நாள் மதியமே பான்யி வெக்கிக்குப் போனோம். பாறை விளிம்பில் திறந்தவெளிக் குளம். வெளியே மைனஸ் ஆறு. கழுத்துவரை வெந்நீரில் இருந்துகொண்டு, தலைமுடி கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி மாதிரி விறைப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். புருவத்தில் வெள்ளைப் பொடி. ஆவி விலகுகிறபோது கீழே ஊர் முழுக்கத் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். எண்ணெய்க் குளியல் நாளில் வெந்நீர் அண்டா பக்கத்திலேயே நின்றிருந்த சின்ன வயசு ஞாபகம் வந்தது. இங்கே சீயக்காய் மட்டும் இல்லை.

இதை வெறும் சொகுசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதல்முறை ஸ்கீ செய்கிறவர்களுக்கு இரண்டாம் நாள் தொடை கல்லாகிவிடும். பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுப்பது ‘ஸ்பாத்ஸானேவே’. பனி வாரும் வண்டி என்று அர்த்தம். முன்முனைகளைச் சேர்த்து, குதிகால்களை விரித்து, முட்டியை உள்ளே தள்ளி மெதுவாக இறங்குவது. மணிக்கணக்கில் அப்படி அரை உட்காரலில் நின்றால் எந்த முட்டிதான் தாங்கும்? நாங்கள் ஒரு நாளில் உண்மையிலேயே சறுக்கியது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரத்துக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பது புதியவர்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை.

லிவீஞ்ஞோவில் அந்த மீதி நேரம் கடைகளுக்குப் போகும். ஊர் முழுக்க வரியில்லாப் பகுதி. பெட்ரோல், சென்ட், சாராயம் எல்லாம் மலிவு. மலிவு என்று அள்ளிவிடவும் முடியாது: திரும்பும்போது ஃபொஸ்காஞ்ஞோவில் சுங்கச் சாவடி இருக்கிறது. ஆளுக்கு ஒரு லிட்டர் விஸ்கி மாதிரிச் சரக்கு, மற்ற பொருள்கள் 300 யூரோவுக்குள். நாங்கள் வாங்கியது ஒரு சென்ட் பாட்டில், ஒரு பெரிய சாக்லேட் பெட்டி. அவ்வளவுக்காக இரண்டு கணவாய் தாண்டினோமா என்று மனைவி இன்னும் கேட்கிறாள்.

லிவீஞ்ஞோவுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லியாக வேண்டும். கற்றுக்கொள்வதற்கு அதுதான் நல்ல இடம். பள்ளத்தாக்கின் தரையிலேயே, வீடுகளுக்குப் பின்னாலேயே, மொட்டை மாடிச் சாய்வு மாதிரி மெல்லிய சரிவுகளும் சின்ன லிஃப்ட்டுகளும் இருக்கின்றன. ஹோட்டலை விட்டு இறங்கிப் பத்தடியில் பனி. விழுந்து எழுந்து களைத்தால் நடந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். போர்மியோவில் அந்த வசதி இல்லை. நாங்கள் பழகியது ‘போர்மியோ 2000’ என்ற இடைநிலையத்தில். அதற்கு கோண்டோலாவில், அதாவது கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியில், ஏற வேண்டும். நாங்கள் முழு டிக்கெட் வாங்கினோம். கீழே ஊர்வரை சறுக்கி வருவது புதியவர்களுக்கு ஆகாத வேலை. நாங்கள் கோண்டோலாவிலேயே இறங்கினோம், எங்களோடு எழுபது வயதுத் தாத்தா ஒருவரும். அதனால் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், கையில் காரும் இருந்தால், நான் சொன்ன அரைநாள் கணக்கு தலைகீழாகக்கூடும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, அதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை.

நன்றாக ஸ்கீ தெரிந்தவர்களுக்கும் என் பேச்சு அரைகுறைதான். எங்களோடு வந்த நண்பருக்குப் பத்து வருஷப் பழக்கம். போர்மியோவின் புகழ்பெற்ற ஸ்டெல்வியோ பாதையில் ஒரே ஒருமுறை இறங்கிவிட்டு, “ஒருக்கா போதும்டா சாமி” என்று உட்கார்ந்துவிட்டார். உலகக் கோப்பைக்காரர்கள் ஆயிரம் மீட்டர் உயரத்தை இரண்டு நிமிஷத்துக்குள் இறங்குகிற சரிவு அது. மறுநாள் அவர் பஸ் பிடித்துப் பக்கத்துச் சாந்தா கத்தெரீனாவுக்குப் போனார், மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய தெபோரா கொம்பான்யோனி வளர்ந்த ஊர். அங்கே கூட்டமே இல்லை, பனியும் நன்றாக இருந்தது என்றார். ஒரு வாரம் தங்கினால் போர்மியோ அவருக்கு அலுத்துவிடுமாம். இருக்கலாம். லிவீஞ்ஞோவில் நான் கரோசெல்லோ பக்கம் மட்டும்தான் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து மொத்தோலினோவில் கால் வைக்கவில்லை.

சாப்பாட்டில் சமன். சைவர்கள் பயப்பட வேண்டாம், இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்போன பிஸ்ஸொக்கேரியே சைவம்தான்: பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காசேரா சீஸ், பூண்டு போட்டுக் காய்ச்சிய வெண்ணெய். சியாத் என்று ஒன்று கேளுங்கள், சீஸ் போண்டா என்று வைத்துக்கொள்ளலாம். மாவில் கொஞ்சம் கிராப்பா சாராயம் ஊற்றுவார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ராத்திரி நடக்க போர்மியோவின் பழைய கல் தெருக்கள் எனக்குப் பிடித்தன. லிவீஞ்ஞோ நீளவாக்கில் கிடக்கிற ஊர், அந்தக் குளிரில் நடைக்கு ஆள் வர மாட்டார்கள்.

எந்த ஊரானாலும் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து இத்தாலியில் ஸ்கீ செய்ய அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். இல்லாதவர்கள் டிக்கெட்டோடு சேர்த்தே சில யூரோவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட் முன்பு பதினெட்டு வயதுக்குக் கீழே மட்டும் கட்டாயமாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து எல்லோருக்கும்.

மாதத்தைப் பொறுத்து ஒரு விதிவிலக்கு. ஏப்ரலில் போவதானால் போர்மியோவைச் சொல்ல மாட்டேன், கீழே பனி நிற்காது. அப்போது ஒரு நாள் லீவு கூடப் போட்டு நாலு ராத்திரியாக லிவீஞ்ஞோ போங்கள், வாந்தி மாத்திரையைத் திரானோவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் போர்மியோ. கடைசி நாள் காலையில் ஸ்கீயைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியை ஹோட்டல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பன்னிரண்டு மணிவரை தெர்மேயில் ஊறுங்கள். ஈரத் துணி வைக்க ஒரு கவர் மட்டும் கையில் இருக்கட்டும். நாங்கள் மறந்ததில் ரயிலில் எதிர் சீட்டுப் பாட்டி மிலான் வரைக்கும் எங்கள் பையிலிருந்து சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.