ஒரு அம்பு போட்டால் எல்லாப் பெட்டியும் நகருது

நேற்றும் அதே கதைதான். எங்கள் ஆப்பில் ஒரு மூட்டையை நிறுப்பதைக் குறிக்கும் ‘நிறுவை’ ஆப்ஜெக்டின் ஸ்டேட் டயகிராமில், அதாவது அது எந்தெந்த நிலையில் இருக்கலாம், எது நடந்தால் எந்த நிலைக்குப் போகும் என்று பெட்டியும் அம்புமாகக் காட்டும் படத்தில், ஒரேயொரு அம்பு கூடுதலாகப் போட்டேன், திரும்பத் திறந்தால் ‘பதிவானது’ பெட்டி வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் போயிருக்கிறது, ‘ரத்து’ மேலே ஏறிவிட்டது, நடுவில் அம்புகள் ஒன்றுக்கு மேல் ஒன்று. எழுத்தாக எழுதிக் கொடுத்தால் தானே படம் வரைந்து தரும் கருவியைப் பாவிக்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். இலவசம், கிட் (Git) என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் போட்டு வைத்து யார் எதை மாற்றினார்கள் என்றும் பார்க்கலாம், எல்லாம் சரி, ஆனால் பெட்டி எங்கே நிற்பது என்பதை அதுவேதான் தீர்மானிக்கும்.

எனக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக்கு (பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம்) நிறுவை ஆப் செய்கிறோம், அங்கே கணக்கப்பிள்ளை ஐயா அச்சடித்த படத்தை இடத்தை வைத்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். “அந்த வலது மூலைக்குப் போனாத்தான் தம்பி துண்டு வரும்” என்பார், எடை எழுதிய ரசீதைத்தான் சொல்கிறார். புதுத் தாளைக் கொடுத்தால் மூலையில் வேறொன்று நிற்கிறது, மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

இவ்வளவு திட்டினாலும் படம் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. முதலில் எடை வந்ததா, கழிவு போட்டதா (சாக்குக்கும் தண்ணிக்கும் எடையைக் குறைப்பது), துண்டு அடித்ததா, சர்வருக்குப் போனதா என்று நாலு ஆம்/இல்லை வைத்திருந்தோம். கணக்குப்படி 16 சேர்க்கை, எடையே வராமல் துண்டு அடித்த நிறுவை உட்பட. படம் போட்டதும் உண்மையில் இருக்கக்கூடிய நிலைகள் மட்டும் மிஞ்சின: காத்திருப்பு, ஆடுகிறது (சாக்கைத் தொங்கவிட்டதும் தராசு கொஞ்ச நேரம் ஆடுமே, அது), நிலைத்தது, கழிவு போட்டது, பதிவானது, ரத்து. அதைவிடப் பெரிய லாபம், ஒவ்வொரு பெட்டியிலும் நின்று ‘இப்போது இது நடந்தால்?’ என்று கேட்க வைப்பது. எடை நிலைத்துவிட்டது, சாக்குக்கும் தண்ணிக்கும் இன்னும் கழிக்கவில்லை, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால்? படம் போடாமல் புரோகிராம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி அந்திக்கொழுந்து நேரத்தில், வரிசையில் நிற்கிற அக்கா ஒருவரின் வாயில் இருந்துதான் வந்திருக்கும்.

சிக்னல் இல்லாத பள்ளத்து மலைகளுக்காகச் சர்வர் சங்கதியைத் தனிப் பகுதியாக, நிறுவையோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மாதிரி வைத்தோம். இல்லாவிட்டால் ஆறு நிலையும் ‘அனுப்பியது’, ‘அனுப்பவில்லை’ என்று இரட்டித்துப் 12 பெட்டியாகியிருக்கும், இப்போது ஆறும் இரண்டும் எட்டுத்தான். இந்த வசதிக்கு இஸ்ரேலியக் கணினி அறிஞர் டேவிட் ஹாரெலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1980களில் இஸ்ரேலின் லாவி போர் விமானத்து மின்னணு அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லப்போன இடத்தில் பிடித்த யோசனை, 1987இல் கட்டுரையாக வந்தது, பிறகு மென்பொருள் படங்களுக்கான பொது வரைமுறையான யூஎம்எல்லும் (UML) எடுத்துக்கொண்டது. போர் விமானத்துக்கு யோசித்தது கொழுந்து மூட்டைக்கும் உதவுகிறது, அது ஒரு வேடிக்கை.

புதிதாகத் தொடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நிலையில் இருந்து அதே நிலைக்கே வளைந்து வரும் அம்பு சும்மா அலங்காரம் இல்லை. வெளியே போய்த் திரும்ப உள்ளே வருவதாகத்தான் கணக்கு, அதனால் உள்நுழையும்போது செய்ய வேண்டிய வேலையும் மறுபடி நடக்கும். ‘பதிவானது’ நிலைக்குள் நுழைந்ததும் துண்டு அடி என்று வைத்திருந்தால், தொழிலாளியின் பேரைத் திருத்தினால்கூட இரண்டாவது துண்டு வரும். ஒரே மூட்டைக்கு இரண்டு துண்டு என்றால் சம்பள நாளில் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரித் திருத்தங்களை வளைவு அம்பாகப் போடாமல் நிலைக்கு உள்ளேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்ல என்ற சுற்றுலா ஊரில் அறை பதிவு ஆப் செய்கிற கூட்டாளி, “மச்சான், அப்ப நானும் போடவா?” என்றான். வேணாம் என்றேன், நேற்றைய கோபம் அப்படி. உன் வேலைக்கு டேபிளில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு நிரல் (column) போதும், இந்த அம்புச் சண்டைக்கெல்லாம் வராதே என்றேன். அவன் விடவில்லை, “முற்பணம் கட்டினவர் வராமலே விட்டா, அந்த அறையை வேற ஆளுக்குக் குடுத்தப்புறம் அவர் ராத்திரி வந்து நின்னா?”

சரி, வரைந்துகொள் என்றேன். ஆனால் தாளில், பென்சிலால்.