சுட்ட மீனா, பச்சைச் சிப்பியா?

வெளிநாட்டுத் தெருக்கடையில் கடலுணவு என்றால், என் ஓட்டு தணலில் சுடும் மீனுக்குத்தான். கண் முன்னே வேகிறது. முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி போல் மின்னாமல் வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் தொட்டால் வெந்துவிட்டது என்பது கணக்கு. சூரை, கானாங்கெளுத்தியில் மட்டும் கவனம். குளிர் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், எவ்வளவு சுட்டாலும் போகாது. நாக்கில் மிளகு போலச் சுருக்கென்றால் அப்படியே வைத்துவிடுங்கள்.

வேகவைக்காமல் பச்சையாகத் தின்னும் சிப்பியின் ருசி தனி, மறுக்க மாட்டேன். ஓடு திறந்ததும் கடல் மணத்தோடு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சிப்பி நீரை வடிகட்டியே உண்ணும் உயிர். அந்த நீரில் நோரோ வைரஸோ விப்ரியோ பாக்டீரியாவோ இருந்தால் சிப்பிக்குள் தங்கிவிடும். எலுமிச்சைச் சாறும் காரச் சாஸும் அவற்றை ஒழிக்காது. நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்காது. கல்லீரல் நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு விப்ரியோ உயிருக்கே உலை வைக்கும். கர்ப்பிணிகளும் தொட வேண்டாம்.

ஆசை விடவில்லை என்றால், அதே சிப்பியைத் தணலில் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.