போலந்துக்குக் கிடைத்த நிதியுதவி: ஒரு மதிப்பீடு

1990 ஜனவரியில் போலந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறத் தொடங்கியபோது மேற்கு நாடுகள் திரட்டித் தந்த 100 கோடி டாலர் நிலைப்படுத்தல் நிதியை ஒரு சேவையாக எடைபோட்டால், தாராளமாகவே மதிப்பெண் தரலாம். டாலருக்கு 9,500 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) என நிர்ணயிக்கப்பட்ட மாற்று விகிதத்துக்குப் பக்கபலமாக நின்ற அந்தப் பணத்தை எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. கையிருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையே நாணயத்தைத் தாங்கிப் பிடித்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனோ நிபந்தனைகளோடு வந்தது. அவற்றின்படி, வரம்பை மீறி ஊதியம் உயர்த்திய அரசு நிறுவனங்கள் தண்டனை வரி கட்ட நேர்ந்தது. வேலையிழந்தோர் பெருகினர், அவர்களுக்குப் போதிய ஏற்பாடு இல்லாததுதான் இந்த உதவியின் பெரிய ஓட்டை. 1991-இல், கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் மன்றம் போலந்து தனக்குத் தர வேண்டிய கடனில் பாதியைக் குறைக்க ஒப்புக்கொண்டதே, என் கணிப்பில், எல்லாவற்றிலும் பயனுள்ளது. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.