லாவோஸ்–சீனா ரயில்: பயணம் அருமை, கடன் கனம்

லாவோஸ் தலைநகர் வியஞ்சானிலிருந்து வடக்கே லுவாங் பிரபாங் நகருக்கு மலைச்சாலையில் பஸ் பிடித்தால் ஒரு பகலே போய்விடும். இந்த ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 2021 டிசம்பர் 3 முதல் ஓடுகிறது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர்; பலர் சொல்வதுபோல் புல்லட் ரயில் இல்லை. ஏசி பெட்டி சுத்தம், நேரம் தவறுவதும் குறைவு. இரண்டாம் வகுப்பில் ஒரு வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து சீட்; முதல் வகுப்பில் நான்கு.

ஜன்னலோரம் கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: காட்சி எல்லாம் வாங் வியெங் பக்கத்து சுண்ணாம்புக் குன்றுகளோடு சரி. லாவோஸுக்குள் 75 சுரங்கங்கள். தடத்தில் கிட்டத்தட்ட பாதி மலைக்குள்தான் போகிறது. வடக்கே போகப் போக இருட்டுதான் அதிகம்.

டிக்கெட்தான் தலைவலி. தடம் ஒற்றை என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட்டுத்தான் ஓட வேண்டும். நினைத்தபடி ரயிலைக் கூட்ட முடியாது. விற்பனையும் வெகுமுன்பே திறக்காது. ஏப்ரலில் லாவோ புத்தாண்டு நேரத்தில் கடைசி நாளை நம்பவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் கொடுங்கள். ஸ்டேஷன்கள் ஊரைவிட்டு வெகுதூரம். லுவாங் பிரபாங்கில் பத்து கிலோமீட்டருக்கு மேல் வேனில் போக வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே சேர்ந்துவிடுங்கள். பை சோதனை சீனாவில் போலவே கறார்: கத்தி, கத்தரிக்கோல், ஸ்ப்ரே டப்பா இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். 2023 ஏப்ரல் முதல் வியஞ்சானிலிருந்து சீனாவின் குன்மிங் நகரம் வரை நேரடி ரயில் உண்டு, 1,035 கிலோமீட்டர். எல்லையில் லாவோஸ் பக்கம் போட்டென், சீனா பக்கம் மோஹான், இரண்டு இடத்திலும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும்.

பயணிக்கு இது நல்ல ரயில், தயங்காமல் ஏறலாம். லாவோஸுக்குத்தான் விலை கடுமை. செலவு சுமார் 600 கோடி டாலர். அதில் 60 சதவீதம் சீன அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கி, தடத்துக்குச் சொந்தமான லாவோஸ்–சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த கடன். அந்த நிறுவனத்தில் 70 சதவீதம் சீன அரசு நிறுவனங்கள் கையில், லாவோஸுக்கு 30தான். அந்த 30-க்குப் போட வேண்டிய முதலிலும் 48 கோடி டாலரை அதே வங்கியிடம்தான் கடன் வாங்கியது. பங்கும் கடன், தடமும் கடன். கடன் நெருக்கடிக்கு நடுவே 2021-ல் நாட்டின் உயரழுத்த மின்தடங்களை 25 ஆண்டு நடத்தும் உரிமையும் சீன நிறுவனம் பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குப் போனது. அணை கட்டவும் ரயில் போடவும் வாங்கிய கடன் ஒரு சின்ன நாட்டை இந்த அளவுக்கு நெருக்குவது வேதனை.

இந்தக் கடனைப் பயணிகள் டிக்கெட்டால் அடைக்க முடியாது, சரக்குதான் அடைக்க வேண்டும். அந்தச் சரக்கு தாய்லாந்துக்கும் போய் வர வேண்டும், அங்கேதான் சிக்கல்: லாவோஸ்–சீனத் தடத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், தாய்லாந்துத் தடம் 1,000. தாய்லாந்திலிருந்து ரயிலில் வரும் கன்டெய்னரை வியஞ்சான் அருகே தானலெங்கில் கிரேன் வைத்துத் தூக்கி மாற்ற வேண்டும். எல்லையில் உள்ள தன் ஊரான நாங் காய் வரை தாய்லாந்தும் 1,435 மில்லிமீட்டர் தடம் போட்டு முடிக்கும்வரை அந்தக் கிரேன் கூலியும் காத்திருப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் உண்டு.