டெய்லி போற சிட்டி பஸ்: 6 வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

ஹெட்போன்ல இருந்து செருப்பு வரைக்கும் எல்லாத்துக்கும் ரிவ்யூ போடுறோம், டெய்லி ரெண்டு மணி நேரம் (பாதி நாள் நின்னுக்கிட்டே) போற பஸ்ஸுக்கு யாருமே போடலையேன்னு தான் இது. 6 வருஷமா ஒரே ரூட், ஒரே டைம். 5க்கு மூணரை குடுக்கறேன்.

ஒரு மார்க் டைமிங்லயே போச்சு. இருபது நிமிஷம் ஒண்ணும் வராது, அப்புறம் ரெண்டு வண்டி ஒட்டிக்கிட்டே வரும். டிரைவருங்க பேசி வச்சுக்கிட்டு வர்றாங்கன்னு நானும் ரொம்ப நாள் திட்டிட்டு இருந்தேன், பாவம். முதல் வண்டி கொஞ்சம் லேட் ஆனா ஸ்டாப்ல கூட்டம் சேர்ந்துடும், அத்தனை பேரையும் ஏத்தி இறக்கறதுல இன்னும் லேட் ஆகும், பின்னாடி வர்றதுக்கு ஏத்த ஆளே இருக்காது, அது சர்ருன்னு வந்து முன்னாடி வண்டியப் பிடிச்சுடும். நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் 1964லயே இத கணக்கு போட்டு எழுதி வச்சிருக்காங்க. அதனால முதல் வண்டில போய் முட்டி மோதாதீங்க, ரெண்டாவதுல சீட்டே கிடைக்கும்.

சீட்டுன்னதும் கடைசி வரிசைக்கு ஓடாதீங்க. பின் சக்கரத்தையும் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கற இடம் அது, ஸ்பீடு பிரேக்கர்ல மத்தவங்களுக்கு ஒரு குலுக்கல்னா உங்களுக்கு தலை கூரைல இடிக்கும். சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்ல முட்டி தாடைக்கு வந்துடும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தான் பெஸ்ட், ஆனா அங்க எப்பவும் ஒருத்தரும் அவரோட பேக்கும் உட்கார்ந்திருப்பாங்க. உட்காரலாமான்னு கேட்டா சொத்த எழுதிக் கேட்ட மாதிரி ஒரு பார்வை, அப்புறம் ஜிப்ப மூடி, வாரச் சுருட்டி, ரொம்ப மெதுவா மடிக்கு மாத்துவாங்க.

நிக்கறதா இருந்தா ஜன்னலப் பார்த்து கால அகட்டி நில்லுங்க, பிரேக் அடிச்சா ஒரு கால் தாங்கிக்கும். முதுகுல பேக் மாட்டினவர் பக்கத்துல மட்டும் வேண்டாம். ஒருத்தர் திரும்பின வேகத்துல என் மூக்குக்கண்ணாடி அவர் பேக்கோட வலைப் பாக்கெட்ல போய் மாட்டிக்கிச்சு, இறங்கப் போனவர சட்டையப் பிடிச்சு நிறுத்தி எடுத்தேன், அவர் என்னை திருடன்னு நினைச்சுட்டார். ஸ்பீக்கர்ல வீடியோ பாக்கறவங்களுக்கு அரை மார்க் கட், அதப் பத்தி பேசக்கூட இஷ்டமில்ல.

இவ்வளவுக்கும் மூணரை ஏன்னா கூட வர்ற ஆளுங்களுக்காக. ஒரு அக்கா ஏறின உடனே தூங்கிடுவாங்க, அவங்க ஸ்டாப் வந்ததும் பின் சீட்டு பெரியவர் கம்பில ரெண்டு தட்டு தட்டுவார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்ல. ஒரு நாள் அவர் வரல. ஸ்டாப் வந்துச்சு, நான் எதிர்ல இருந்தவரப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், வேற யாராவது எழுப்புவாங்கன்னு எல்லாரும் சும்மா இருந்துட்டோம், வண்டி கிளம்பிடுச்சு. ரெண்டு ஸ்டாப் தள்ளி முழிச்சு அந்தக்கா பதறிக்கிட்டு ஓடினது இன்னும் கண்ணுல நிக்குது.

மறுநாள் பெரியவர் வந்துட்டார். ஆனா இப்ப அந்த ஸ்டாப் வந்தா அஞ்சு பேர் சேர்ந்து கம்பியத் தட்டறோம், அந்தக்கா டெய்லி பயந்து தான் முழிக்கறாங்க.