ஹேண்ட்லிங் கட்டணம் என்றொரு வரி

திருச்சியில் 125 சிசி பைக் வாங்கிய ஷோரூமுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். விற்பனையாளர் மரியாதையாகத்தான் பேசினார், தேநீரும் வந்தது. ஆனால் கொட்டேஷனில் சாலை வரிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் நடுவே, ஏதோ அரசாங்கமே கேட்பதுபோல, 'ஹேண்ட்லிங்' (வண்டியைக் கையாள) என்று ஷோரூமின் சொந்தக் கட்டணம் 1,500 ரூபாய் உட்கார்ந்திருந்தது.

"இது எந்த அரசாணைப்படி, தம்பி?" என்றேன். அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கால்குலேட்டரைப் பார்த்தார். பேனாவால் ஒரு கோடு, கட்டணம் ஒழிந்தது.

காப்பீட்டில்தான் இழுபறி. நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், சரி. அதை யாரிடம் எடுப்பது என்பது என் விருப்பம் அல்லவா? வெளியில் கேட்டு வைத்திருந்த தொகையைக் காட்டியதும் இறங்கி வந்தார்கள். ஷோரூம் விலையில் மட்டும் சல்லிக்காசு குறைக்கவில்லை. இலவசமாகத் தந்த சீட் உறை முதல் மழையிலேயே சாயம் போய்விட்டது.